மான் படுக்கையும் செல்போன் மணியும்

எடுத்த எடுப்பிலேயே மேட்டருக்கு வந்துடறேன். வேட்டை சீசனுக்கு முன்னாடி மான் எங்கே படுக்குதுன்னு காட்டுக்குள்ள நடந்து போய்த் தேடறது நல்ல பழக்கம். அதே படுக்கைக்குப் பக்கத்து மரத்துல ஒரு காமிராவைக் கட்டி, அதுக்குள்ள சிம் கார்டைப் போட்டு, மான் வந்து படுத்த ஒரு நிமிஷத்துக்குள்ள நம்ம போன்ல 'டிங்'னு மணியடிக்க வைக்கறது கெட்ட பழக்கம். "ரெண்டும் தகவல் சேகரிக்கறதுதானே, ரெண்டும் ஒண்ணுதானே?"ன்னு இங்கே நிறைய பேர் கேக்கறாங்க. ஒண்ணு இல்லைன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

"பொட்டி தட்டுற பயலுக்கு மான் வேட்டையைப் பத்தி என்ன பேச்சு?"ன்னு நீங்க முணுமுணுக்கறது காதுல விழுது. நியாயமான கேள்விதான். நம்ம ஊர்ல 1972-ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததுக்கு அப்புறம் மான் வேட்டைன்னாலே வனத்துறை கேஸ்தான். நானும் வேட்டைக்காரன் இல்லை. துப்பாக்கியையோ வில்லையோ கையால தொட்டதில்லை. ஆனா ஆணி புடுங்க வந்து சேர்ந்த இடம் விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன். இங்கே நவம்பர் மாசம் ஆபீஸ்ல பாதி சீட் காலியா இருந்தா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. நன்றி நவிலும் நாளுக்கு முந்தின சனிக்கிழமை துப்பாக்கி சீசன் தொடங்கும், ஒன்பது நாள். வில் சீசன் இன்னும் நீளம், செப்டம்பர் நடுவுல தொடங்கி ஜனவரி வரைக்கும் போகும். நம்ம ஊர்ல தீபாவளிக்கு முந்தின வாரம் பஸ் ஸ்டாண்டு எப்படி இருக்குமோ, அப்படி ஒரு பரபரப்பு ஊர் முழுக்க.

எங்க டீம்ல டேட்டாபேஸ் பார்க்கற ஒருத்தர் இருக்கார். அறுபதை நெருங்கறவர், மேடிசனுக்கு மேற்கே ஒரு பண்ணை வீட்டுல பிறந்து வளர்ந்தவர். இந்த ஊர் வழக்கப்படி நேர்ல பேர் சொல்லித்தான் கூப்பிடறேன், இங்கே 'பெரியவர்'னு வெச்சுக்குவோம். மூணு வருஷமா மார்ச் மாசத்துல அவரோட காட்டுல நடக்கறேன். அவர் மான் படுக்கை தேடுவார், நான் பின்னாடியே போய்க் கேள்வி கேட்டு உயிரை வாங்குவேன். இந்தப் பதிவுல இருக்கற காட்டு அறிவு முக்காலும் அவர்கிட்ட வாங்கினது. கருத்து மட்டும் என்னோடது, திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க.

முதல்ல ஒரு சின்னப் பின்னணி

இங்கே இருக்கறது வெள்ளைவால் மான். பயந்து ஓடும்போது வாலைத் தூக்கும், அடிப்பக்கம் பளிச்சுன்னு வெள்ளையாத் தெரியும். நூத்தி சொச்சம் வருஷத்துக்கு முன்னாடி, கறிக்கும் தோலுக்கும் சுட்டுச் சந்தையில வித்ததுல, அமெரிக்காவுல பல மாநிலங்கள்ல இந்த மான் கிட்டத்தட்ட காணாமலே போச்சு. அப்புறம் சட்டம் வந்தது, சீசன் வந்தது, லைசென்ஸ் வந்தது. 1937-ல பிட்மன்-ராபர்ட்சன் சட்டம்னு ஒண்ணு போட்டாங்க. துப்பாக்கி, தோட்டா விக்கறப்போ வசூலிக்கற வரி வனவிலங்குப் பாதுகாப்புக்குத்தான் போகணும்னு அது சொல்லுது. இன்னிக்கு விஸ்கான்சின்ல மட்டும் 16 லட்சம் மானுக்கு மேல இருக்கும்னு மாநில இயற்கை வளத்துறை மதிப்பீடு.

ஓநாய் வடக்குக் காடுகளோட பெரும்பாலும் நின்னுடுது. தெற்குப் பக்கம் மக்காச்சோளமும் சோயாவும் ஏக்கர் கணக்குல விளைஞ்சு கிடக்கு. மானுக்கு மூணு வேளையும் பந்திதான். ராத்திரி காரோட்டினா எந்த வளைவுல குறுக்கே பாயுமோன்னு வயித்தைக் கலக்கும். போதாக்குறைக்கு, மூளையைத் தின்னு மானை மெலிய வெச்சுக் கொல்ற ஒரு நோய் 2002-ல மேடிசனுக்கு மேற்கே கண்டுபிடிக்கப்பட்டு, இன்னும் பரவிக்கிட்டே இருக்கு. அதனால 'வேட்டையே கூடாது'ன்னு சொல்ற ஆள் நான் இல்லை. எப்படி ஆடணுங்கறதுதான் இங்கே பேச்சு.

மான் ஏன் படுக்குது?

இதுக்குப் பதில் நம்ம எல்லாருக்குமே தெரியும். மாடு பார்த்திருக்கோமில்லையா? மானும் அசை போடற ஜாதி. வெட்டவெளியில நின்னு மேயறது அதுக்கு ஆபத்து. அதனால அவசர அவசரமா வயித்தை ரொப்பிக்கிட்டு, பாதுகாப்பான இடத்துக்குப் போய்ப் படுத்து, நிதானமா அசை போடும். சாயங்காலம் இருட்டற நேரம் எழுந்து மேயப் போகும். விடியறதுக்குள்ள திரும்பி வந்துடும். வெளிச்சம் இருக்கற நேரத்துல பெரும்பகுதி அதுக்குப் படுக்கைதான்.

வேட்டைக்காரனுக்குச் சட்டப்படி வெளிச்ச நேரம்தான் அனுமதி. அதாவது மான் படுத்திருக்கற நேரமும் மனுஷன் காட்டுல இருக்கற நேரமும் ஒண்ணு. அதனால மான் எங்கே மேயுதுங்கறதை விட எங்கே படுக்குதுங்கறது பெரிய ரகசியம். மேயற இடத்தைக் காரை ஓட்டிக்கிட்டே பார்த்துடலாம். படுக்கிற இடத்தை நடந்துதான் கண்டுபிடிக்கணும்.

எங்கே படுக்குது?

இங்கதான் எனக்குப் பைத்தியம் பிடிச்சது. மேடிசனுக்கு மேற்கே, மிசிசிப்பி ஆறு வரைக்கும் 'ட்ரிஃப்ட்லெஸ்'னு ஒரு நிலப்பரப்பு. சுத்துவட்டாரம் முழுக்கப் பனியுகத்துப் பனிப்பாறைகள் உருட்டித் தேய்ச்சுத் தட்டையாக்கிட்டுப் போக, இந்தப் பகுதியை மட்டும் தொடாம விட்டுடுச்சு. அதனால செங்குத்தான மேடு, ஆழமான பள்ளத்தாக்கு, விரல் விரலா நீளற முகடுன்னு நிலம் மடிஞ்சு மடிஞ்சு கிடக்கும்.

வயசான ஆண் மான் இதுல எங்கே படுக்கும் தெரியுமா? காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து அடிக்குதோ, அதுக்கு மறுபக்கச் சரிவுல. உச்சியில இல்லை, அடிவாரத்துலயும் இல்லை. மேலேர்ந்து மூணுல ஒரு பங்கு இறங்கின இடத்துல. முகடு நீண்டு முடியற மூக்கு மாதிரி ஒரு இடம் இருந்தா ரொம்ப விசேஷம். முதுகை மேட்டுப் பக்கம் வெச்சு, முகத்தைப் பள்ளத்தைப் பார்த்து வெச்சுக்கும். காத்து முகட்டைத் தாண்டி முதுகுப் பக்கமா வருது, பின்னாடி யார் வந்தாலும் வாடை மூக்குக்கு வந்துடும். பகல்ல வெயில் ஏற ஏற, பள்ளத்துக் காத்து சூடாகிச் சரிவுல மேல ஏறும், கீழே யார் நடந்தாலும் அந்த வாடையும் வரும். மூக்குக்கு வேலை மிச்சம் இருந்தா அதுக்குக் கண் இருக்கு, பள்ளம் முழுக்கத் தெரியும். எந்தப் பக்கம் ஆபத்து வந்தாலும் நாலு தாவுல மறுபக்கம். காத்து திசை மாறினா படுக்கையும் மாறும். வடமேற்குக் காத்துக்கு ஒண்ணு, தெற்குக் காத்துக்கு ஒண்ணு.

நான் வேலையில பெரிய பெரிய ஆர்க்கிடெக்சர் டயகிராம் எல்லாம் பார்த்திருக்கேன். இவ்வளவு சிக்கனமான ஒரு பாதுகாப்பு ஏற்பாட்டை எங்கேயும் பார்த்ததில்லை. இத்தனைக்கும் டிசைன் டாக்குமெண்ட் ஒண்ணும் கிடையாது :-)

சதுப்பு நிலத்துல கணக்கு வேற. அங்கே மேடு கிடையாது. சம்பு வளர்ந்த சேத்துக்குள்ள, காய்ஞ்ச மண்ணா ஒரு திட்டு, நாலு புதர், ஒத்தை மரம். அவ்வளவுதான் அதோட அரண்மனை. சுத்தியும் தண்ணி இருக்கறதால யார் வந்தாலும் 'சளக் சளக்'னு சத்தம் கேக்கும். நாம வாசல்ல நாய் கட்டற மாதிரி, அது தண்ணியைக் கட்டி வெச்சிருக்கு.

எப்போ தேடணும்?

சீசனுக்கு முந்தின வாரம் போய்த் தேடறவனைப் பெரியவர் ஆள்னே மதிக்க மாட்டார். படுக்கை வரைக்கும் போய் மானைக் கிளப்பி விட்டா, வயசான மான் அந்த வருஷத்துக்கு அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்குமாங்கறதே சந்தேகம். அதனால தேடறது மார்ச், ஏப்ரல்ல. பனி உருகியிருக்கும், இலை இன்னும் துளிர்த்திருக்காது, காடு மொட்டையா நிக்கும். போன இலையுதிர் காலத்துல மான் நடந்த ஒத்தையடிப் பாதை கோடு போட்ட மாதிரி தெரியும். கொம்பால உரசிப் பட்டை உரிச்ச மரங்கள் இன்னும் வெள்ளையா நிக்கும். கொம்பும் அந்தச் சமயத்துக்குள்ள உதிர்ந்திருக்கும், அதிர்ஷ்டம் இருந்தா கையில கிடைக்கும். அப்போ மானைக் கிளப்பி விட்டாலும் பரவாயில்லை, மறக்க அதுக்கு ஆறு மாசம் இருக்கு.

படுக்கைன்னா பெரிய அதிசயமா ஒண்ணும் இருக்காது. சருகு நசுங்கி முட்டை வடிவத்துல ஒரு பள்ளம். உத்துப் பார்த்தா சாம்பல் கலந்த பழுப்பு முடி நாலு. பக்கத்துல புழுக்கை. சின்னதும் பெருசுமா நாலஞ்சு பள்ளம் சேர்ந்து இருந்தா பெண் மானும் குட்டிகளும். தனியா, பெருசா ஒண்ணே ஒண்ணு, பக்கத்து மரத்துல கொம்பு உரசின தடமும் இருந்தா, அதுதான் தேடி வந்த ஆள். இன்னொண்ணும் கவனிக்கணும். பனி மேல படுத்த தடம் குளிர்கால விலாசம். வெயில் படற தெற்குச் சரிவு, பனிக்காலத்துக்கு மட்டும் வாடகைக்கு எடுத்தது. அதை நம்பி அக்டோபர்ல போனா ஆள் இருக்க மாட்டான்.

இதுக்கெல்லாம் கிளம்பறதுக்கு முன்னாடி வரைபட வேலை இருக்கு. எட்டாங்கிளாஸ் புவியியல்ல சம உயரக் கோடுன்னு ஒண்ணு படிச்சோமே, அதை வெச்சு என்ன பண்ணப் போறோம்னு அப்போ நினைச்சேன். முகட்டு மூக்கு எங்கே, இடுக்கு எங்கே, சரிவுக்கு நடுவுல தட்டு எங்கேன்னு அந்தக் கோட்டுலயே பெரியவர் புள்ளி வெச்சுடுவார். பத்துப் புள்ளி வெச்சா நாலுல படுக்கை இருக்கும். மீதி ஆறுல ஏன் இல்லைங்கறதை யோசிக்கறதுதான் உண்மையான பாடம்ங்கறது அவர் கட்சி.

படுக்கையில உக்கார்ந்து பார்த்தா

ரெண்டாவது வருஷம் ஒரு முகட்டு மூக்குல நல்ல படுக்கை ஒண்ணு கிடைச்சது. நான் போட்டோ எடுக்கப் போனேன். பெரியவர் தடுத்து, "முதல்ல அதுல உக்காரு"ன்னார். விளையாடறார்னு நினைச்சேன். இல்லை, நிஜமாத்தான். மண்டி போட்டு, தலையை மான் தலை உயரத்துக்குத் தாழ்த்தி, அது பார்க்கற திசையில பார்த்தேன்.

கீழே இலையில்லாத மரங்களுக்கு நடுவுல எங்க கார் தெரிஞ்சது. வண்டி நிறுத்தற அந்தப் பொது இடம் முழுக்கத் தெரிஞ்சது. அதாவது இந்த மான் தினமும் இங்கே படுத்து அசை போட்டுக்கிட்டே, எத்தனை வண்டி வருது, எத்தனை கதவு சாத்தற சத்தம் கேக்குது, எவன் எந்தப் பாதையில ஏறறான்னு பார்த்துக்கிட்டு இருந்திருக்கு. வேட்டைக்காரன் அதை வேவு பார்க்க வந்தா, அது ஏற்கனவே அவனை வேவு பார்த்து முடிச்சிருக்கு!

நடந்து தேடறதுல கிடைக்கற முக்கியமான சரக்கு இதுதான்னு எனக்குத் தோணுது. மான் இருக்கற இடம் மட்டும் இல்லை, மான் பக்கத்து நியாயமும் கிடைக்குது. அது ஏன் இங்கே படுத்துச்சுங்கற கேள்விக்குப் பதில் வேணும்னா, கொஞ்ச நேரமாவது மானா மாறித்தான் ஆகணும். காமிரா போட்டோவுல மான் தெரியும், எத்தனை கிளைக் கொம்புன்னு தெரியும், மணி எத்தனைன்னு தெரியும். மானுக்கு என்ன தெரியுதுன்னு தெரியாது.

இப்ப காமிராவுக்கு வருவோம்

ட்ரெயில் காமிரா புதுசு இல்லை. உடம்புச் சூடு நகர்றதைக் கண்டுபிடிச்சுப் படம் எடுக்கற பெட்டி, அவ்வளவுதான். முன்னாடி படம் மெமரி கார்டுல தங்கும், நாமளே போய் எடுத்துட்டு வரணும். இப்போ வர்றதுல செல்போன் வசதி சேர்ந்திருக்கு. படம் எடுத்த கையோட போனுக்கு அனுப்பிடும். எங்க ஆபீஸ்ல இன்னொரு தம்பி இருக்கான், என்னை விடச் சின்னவன். அவன் மட்டும் பதினாலு காமிரா கட்டியிருக்கான். மீட்டிங் நடுவுல போன் அதிரும், மேசைக்கு அடியில எட்டிப் பார்ப்பான், முகம் மலரும். அக்டோபர் மாசம் ஒரு நாள் மதியம் மூணு மணிக்கு, தான் பேர் வெச்சிருந்த மான் ஒரு ஓடைக்கரையில நிக்கற படம் வந்தது. நாலு மணிக்குக் கிளம்பினான். ஆறு மணிக்கு மானை முடிச்சாச்சு.

சட்டப்படி தப்பே இல்லை. நல்ல பையன், கறியை ஆபீஸ் முழுக்கப் பங்கு போட்டுக் கொடுத்தான். ஆனா அந்தக் கதையைக் கேட்டப்போ எனக்கு ஆன்-கால் ஞாபகம்தான் வந்தது. சர்வர்ல ஏதோ எல்லை தாண்டுது, அலர்ட் அடிக்குது, லாகின் பண்ணிப் பிரச்சினையை 'க்ளோஸ்' பண்றோம். அந்த மான் ஒரு டிக்கெட். திறந்த நேரம் 3:00, மூடின நேரம் 6:00.

என் கட்சி ரொம்ப எளிமையானது. நம்ம தொழில்ல 'லேட்டன்சி'ன்னு ஒரு வார்த்தை, தகவல் கிளம்பின நேரத்துக்கும் கையில கிடைக்கற நேரத்துக்கும் நடுவுல இருக்கற இடைவெளி. அதைக் குறைக்கத்தான் நமக்குச் சம்பளம். வேட்டையில அந்த இடைவெளிதான் மானோட உயிர் நாடி. ஆறு மாசப் பழைய தகவலை வெச்சுக்கிட்டு ஒருத்தன் யோசிச்சுத்தான் ஆகணும். இன்னிக்குக் காத்து எந்தப் பக்கம், ஓக் கொட்டை விழ ஆரம்பிச்சுடுச்சா, சோளம் அறுத்துட்டாங்களா, அப்படின்னா ஆள் எந்தப் படுக்கையில இருப்பான்? இத்தனை யோசிச்சும் பெரும்பாலான நாள் தப்பாப் போகும். ஒரு நிமிஷப் பழைய தகவலுக்கு யோசனையே வேண்டாம், வண்டிச் சாவி போதும்.

இப்படி நினைக்கறது நான் மட்டும் இல்லைங்கறதுக்குக் கொஞ்சம் ஆதாரம்:

1. அலாஸ்கா: அங்கே சின்ன விமானத்துல பறந்துதான் பல இடங்களுக்குப் போக முடியும். ஆனா மூஸ், பழுப்புக் கரடி மாதிரி பெரிய விலங்குகளைப் பறந்த அன்னிக்கே சுடக் கூடாது, மறுநாள் விடியக்காலை 3 மணி வரைக்கும் பொறுக்கணும். மேலேர்ந்து பார்த்தது பார்த்ததுதான், யாரும் மறக்கச் சொல்லலை. நடுவுல ஒரு ராத்திரி போகட்டும்ங்கறதுதான் சட்டம்.

2. அரிசோனா: 2022 ஜனவரி 1 முதல் வேட்டைக்காக ட்ரெயில் காமிராவைப் பயன்படுத்தறதையே தடை பண்ணிட்டாங்க. வறண்ட மாநிலம், தண்ணிக் குட்டை கைவிட்டு எண்ணக்கூடிய அளவுதான். ஒரே குட்டையைச் சுத்தி ஏகப்பட்ட காமிரா, படம் எடுக்கப் போற வர்ற ஆள் கூட்டம் வேற. விலங்கு தாகத்துக்கு எங்கே போகும்?

3. பூன் அண்ட் க்ராக்கெட் கிளப்: தியடோர் ரூஸ்வெல்ட் 1887-ல ஆரம்பிச்ச அமைப்பு. பெரிய கொம்புகளுக்கு ரெக்கார்ட் புக் வெச்சிருக்கறதே இவங்கதான். உடனுக்குடன் படம் அனுப்பற காமிராவோட உதவியில வீழ்த்தின மானை அந்தப் புத்தகத்துல ஏத்திக்க மாட்டோம்னுட்டாங்க.

நான் இருக்கற விஸ்கான்சின்ல இப்படி ஒரு பொதுத் தடை இல்லை. ஆனா இந்த ஊருக்குன்னு ஒரு பெரியவர் இருந்தார், அல்டோ லியோபோல்ட். மேடிசன் பல்கலைக்கழகத்துல வனவிலங்கு மேலாண்மைப் பேராசிரியர். அவர் 1948-ல இறந்ததுக்கு அப்புறம், 1949-ல அவரோட புத்தகம் 'எ சேண்ட் கவுண்டி அல்மனாக்' வந்தது. அவரும் வேட்டைக்காரர்தான். கருவிகளை விக்கறவங்க வேட்டையையே முழுங்கிடுவாங்கன்னு அப்பவே புலம்பியிருக்கார். கருவியை எவ்வளவு தூரம் பயன்படுத்தறதுன்னு தனக்குத்தானே ஒரு வரம்பு போட்டுக்கறதுதான் வேட்டைக்காரனோட நேர்மைங்கறது அவர் வாதம். காட்டுல கைதட்ட ஆள் இல்லை, தப்புப் பண்ணினாப் பார்க்கவும் ஆள் இல்லை, மனசாட்சிதான் நடுவர்ங்கறதையும் சொல்லியிருக்கார். செல்போன் டவர் எல்லாம் கனவுல கூட இல்லாத காலம் அது!

எதிர்க்கட்சி வாதங்கள்

பெரியவரோட கூட்டாளிங்ககிட்டயும் அந்தத் தம்பிகிட்டயும் இதைப் பேசிப் பேசி வாங்கிக் கட்டிக்கிட்ட பதில்கள் இவை. ஒண்ணொண்ணா வரேன்.

"செல் காமிராவால மானுக்குத் தொந்தரவு குறைவு. கார்டு எடுக்க வாராவாரம் காட்டுக்குள்ள போக வேண்டாமே?" இது உண்மையான பாயிண்ட், தள்ள முடியாது. ஆனா தொந்தரவைக் குறைக்க மணியடிக்கணும்னு கட்டாயம் இல்லையே? காமிராவைக் கோடையிலேயே கட்டிட்டு, சீசன் முடிஞ்சு ஜனவரியில போய்க் கார்டை எடுங்க. அடுத்த வருஷத்துக்கு அருமையான பாடம் கிடைக்கும். தொந்தரவு பூஜ்யம்.

"மான் ஏற்கனவே எக்கச்சக்கம். சுலபமாச் சுட்டா நல்லதுதானே?" கேக்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா கூட்டத்தோட எண்ணிக்கை குறையணும்னா சுட வேண்டியது பெண் மானை. ஒரு ஆண் மான் போனா இன்னொண்ணு அந்த வேலையைப் பார்க்கும். பெண் மான் தேடப் பதினாலு காமிரா யாரும் கட்டறதில்லை, சோளக்காட்டு ஓரத்துல நின்னாலே போதும். காமிரா எல்லாம் பெரிய கொம்பைத் தேடித்தான். அதனால ஊருக்கு நல்லது பண்றோம்ங்கற ஜல்லியை மட்டும் அடிக்காதீங்க சாமி.

"காம்பவுண்ட் வில், ஜிபிஎஸ், தொலைவு அளக்கற கருவி எல்லாம் டெக்னாலஜி இல்லையா? கோடு எங்கே போடுவே?" கோடு எங்கேயோ ஒரு இடத்துல போட்டுத்தானே ஆகணும். ராத்திரி லைட் அடிச்சு மானைத் திகைக்க வெச்சுச் சுடக் கூடாதுன்னு போட்டிருக்காங்க. விமானத்துலேர்ந்து சுடக் கூடாதுன்னு 1971-லயே நாடு முழுக்கச் சட்டம் போட்டாங்க. அதையெல்லாம் யாரும் எதிர்க்கலை. நல்ல வில் குறியை நேராக்குது, அடிபட்ட மான் தவிக்காம சாக அது உதவுது. இப்போ இந்த நிமிஷம் மான் எங்கே இருக்குன்னு சொல்ற கருவி அப்படி இல்லை. மான் காத்தையும் சரிவையும் வெச்சுக் கட்டின மொத்தக் கோட்டையையும் ஒரே அடியில தாண்டிடுது. அதுக்கு மூக்கு இருக்கு, காது இருக்கு, கண் இருக்கு. இந்தப் பெட்டிக்கு எதிரா ஒண்ணுமே இல்லை.

"உனக்குக் கல்யாணம் ஆகலை, குழந்தை இல்லை, மார்ச்ல சும்மா சுத்தறே. ரெண்டு ஷிஃப்ட் வேலை பார்த்துட்டு வருஷத்துக்கு ரெண்டே சனிக்கிழமை கிடைக்கறவன் என்ன பண்ணுவான்?" இதுதான் என்னை வாயடைக்க வைக்கற வாதம். நடக்க நேரம் வேணும், நேரம்ங்கறது எல்லார்கிட்டயும் ஒரே அளவுல இல்லை. முட்டி போன வயசானவங்க இருக்காங்க, சக்கர நாற்காலியில இருக்கறவங்க இருக்காங்க. அவங்களுக்குன்னு தனி விதிவிலக்கு வைக்கலாம், மத்த விஷயங்கள்ல ஏற்கனவே வெச்சுத்தான் இருக்காங்க. மத்தபடி, ரெண்டு சனிக்கிழமைல ஒண்ணும் கிடைக்காமத் திரும்பறதும் வேட்டையில சேர்த்திதான்னு சொல்லத் தோணுது. அதை நான் சொல்றது சுலபம், அவங்க வீட்டு ஃப்ரீசர் கறியை நம்பி இருந்தா கஷ்டம். அதனால இதுல நான் ரொம்பக் கறாரா நிக்கலை.

அப்ப என்னதான் பண்ணச் சொல்றே?

காமிராவை உடைச்சுத் தூக்கிப் போடச் சொல்லலை. தாமதம் மட்டும் கேக்கறேன். வில் சீசன் தொடங்கற நாள்லேர்ந்து கடைசி சீசன் முடியற நாள் வரைக்கும், படம் போனுக்கு வர்றது 24 மணி நேரம் கழிச்சுன்னு சட்டம் வரட்டும். அலாஸ்கா விதியோட அதே தர்க்கம்தான், காட்டுக்கு ஒரு ராத்திரி கொடுக்கறோம். தயாரிக்கற கம்பெனிகளுக்கு இது பெரிய வேலையே இல்லை. படம் எப்படியும் அவங்க சர்வர் வழியாத்தான் வருது, அங்கே நிறுத்தி வெச்சு மறுநாள் அனுப்பினாப் போதும். நம்மள்ல பாதிப் பேர் டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள கோட் எழுதிடுவோம் (டெஸ்டிங் கேக்கப்படாது).

"யார் கண்காணிக்கறது?"ன்னு கேட்பீங்க. மரத்துல கட்டின பெட்டியைப் பார்த்து, அது உடனே அனுப்புதா நாளைக்கு அனுப்புதான்னு காட்டு அதிகாரியால சொல்ல முடியாது. ஒத்துக்கறேன். ஆனா வேட்டையில பெரும்பாலான விதிகள் அப்படித்தான். நடுக்காட்டுல வெளிச்ச நேரம் முடிஞ்சு பத்து நிமிஷம் கழிச்சு அம்பு விட்டா யார் பார்க்கப் போறாங்க? ஆனாலும் பெரும்பாலானவங்க விடறதில்லை. ஒரு கோடு இருக்குங்கறதே நிறைய பேருக்குப் போதும்.

வேட்டைக்காரங்களோட சுயநலத்துக்கும் இதுல இடம் இருக்கு. இந்த நாட்டுல வேட்டையாடறவங்க சிறுபான்மை. ஆடாத பெரும்பான்மை சும்மா இருக்கறதாலதான் அவங்க ஆட்டம் ஓடுது. 'மானுக்கும் தப்பிக்க ஒரு வாய்ப்பு இருக்கு, கறி சாப்பிடறாங்க, காட்டைக் காப்பாத்தறாங்க'ங்கற எண்ணம்தான் அந்தப் பொறுமைக்கு அடிப்படை. என்னை மாதிரி வெளியாளை வேட்டைக்கு ஆதரவாப் பேச வெச்சது ஒரு கொம்போ ஒரு போட்டோவோ இல்லை. சேத்துல கால் புதைய நடந்து, ஒரு சருகுப் பள்ளத்துல கை வெச்சுப் பார்த்து, 'இது ஏன் இங்கே படுத்துச்சு?'ன்னு அரை மணி நேரம் யோசிச்ச ஒரு மனுஷன். பதினாலு காமிராவோட டேஷ்போர்டைக் காட்டியிருந்தா, 'அட, இதுவும் ஆபீஸ்தானா'ன்னு அப்படியே திரும்பி வந்திருப்பேன்.

கடைசியா நம்ம கூட்டத்துக்கு ஒண்ணு. எதையெடுத்தாலும் அலர்ட் வெச்சுத் தர்றது நம்ம தொழில். பால் பாக்கெட் தீர்ந்தா அலர்ட், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினா அலர்ட். ஒவ்வொண்ணும் தனித்தனியா வசதிதான், மறுக்கலை. ஆனா எங்கெல்லாம் அந்தப் பக்கம் ஒரு உயிர் ஒளிஞ்சுக்கிட்டு இருக்கோ, அங்கே ஒரு நிமிஷம் நின்னு, 'இது தாமதமா வந்தா யாருக்கு நஷ்டம், உடனே வந்தா யாருக்கு நஷ்டம்?'னு கேட்டுட்டு அப்புறம் கோட் எழுதலாம்.

மாற்றுக் கருத்து இருக்கறவங்க பின்னூட்டத்துல வந்து தாராளமாக் கும்முங்க. வேட்டையே பாவம்னு சொல்றவங்களும் வாங்க, அது தனிப் பஞ்சாயத்து, அதையும் பேசுவோம்.

பி.கு: மான் கறி எப்படி இருக்கும்னு கேக்கப் போற அண்ணாச்சிகளுக்கு: கொழுப்பு கம்மி, கொஞ்சம் அதிக நேரம் வெந்தாலே கட்டை மாதிரி ஆயிடும். மிளகும் சின்ன வெங்காயமும் போட்டுச் சுக்காவா வறுத்தா தேவலை. பெரியவருக்கு ஒரு டப்பா கொடுத்தேன், அடுத்த மார்ச்சுக்கு இப்பவே என்னை புக் பண்ணிட்டார் :-)